டைம்பீஸ் காக்கா மிச்சம் பிடித்த கரண்ட்

கரண்ட் பில்லைப் பார்த்து அழுதவர்களை நான் நூற்றுக்கணக்கில் கண்டிருக்கிறேன். கரண்டை நினைத்து அழக்கூடிய ஒரே ஒரு மனிதரைத்தான் கண்டிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் கம்பியில் ஓடுகிற மின்சாரம் முழுவதும் தன் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது என்றும், ஒரு சொட்டு வீணானாலும் மறுமையில் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்றும் நம்பி வாழ்ந்தவர் அவர். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் மீட்டர் அட்டையில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் டைம்பீஸ் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கரண்ட் கந்தோரில், அதாவது மின்சார அலுவலகத்தில், மீட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. ஒரு சைக்கிள், தோளில் ஒரு பை, பைக்குள் தடித்த ரீடிங் புத்தகம், இருட்டு மூலைகளில் தொங்கும் மீட்டர்களைப் பார்க்க ஒரு டோர்ச் லைட். கல்முனைக்குடியின் கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய மண் ஒழுங்கைகள் என் பங்குக்கு வந்தன. மீட்டர்காரனை எந்த வீட்டிலும் ஆசையோடு வரவேற்பதில்லை. என் சைக்கிள் மணியைக் கேட்டால் கோழிகூடக் குசினிக்குள் ஓடி அடுப்படியில் ஒளிந்துவிடும்.

காக்காவின் வீடு மட்டும் வேறு. முதல் தடவை போனபோது அவர் மீட்டருக்கு நேர் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து நீண்ட உடம்பு, மடித்துக் கட்டிய சாரன், மூக்கின் நுனியில் கண்ணாடி. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஆரது?"

"கரண்ட் கந்தோர் காக்கா. மீட்டர் பார்க்க வந்தன்."

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டிரிக்கன். அந்தா இன்னொரு கதிர இரிக்கி. இழுத்துப்போட்டு நீயும் இரி."

இருந்தேன். மீட்டருக்குள் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சிவப்புப் புள்ளி ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் காக்கா பெருமூச்சு விட்டார்.

"தம்பி, ஊட்டுல ஒரு லைட்டும் பத்தல்ல. பேன் சுத்தல்ல. இந்தச் சக்கரம் ஆருக்குச் சுத்துது? களவெடுக்கிறவன் ஆர்?"

நான் எழும்பித் தேடினேன். களவன் கூடத்தின் நடுவில், பூப்போட்ட துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, உறுமியபடி நின்றிருந்தான். குவைத்தில் வேலை செய்யும் ஒரே மகன் அனுப்பிய பிரிஜ். நான் அதைக் காட்டினேன். "இவனா?" என்று காக்கா எழும்பினார். குசினியிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது.

"அதுல கைய வெச்சா நான் எண்ட உம்மாட ஊட்டுக்குப் போயிருவன்!"

அது அவருடைய மனைவி. நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவேன். குள்ளமான, உருண்டையான மனுஷி. காக்காவுடைய ஆராய்ச்சிகளுக்கு முப்பத்தைந்து வருடமாக எதிர்க்கட்சி.

காக்கா முன்பு நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் கதவு பார்க்கிற வேலை செய்தவர். வயலுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் போகும். மேல் வயல் கண்டத்துக்கு இத்தனை மணித்தியாலம், நடுக் கண்டத்துக்கு இத்தனை, கடைசிக் கண்டத்துக்கு இத்தனை. நேரம் பார்த்துக் கதவைத் திறப்பதும் நேரம் பார்த்துப் பூட்டுவதும் அவருடைய தொழில். பென்ஷன் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. திறக்கவும் பூட்டவும் ஏதாவது வேண்டும். அந்த நேரம் பார்த்து மகன் குவைத்திலிருந்து பிரிஜ், பேன், அயன், தண்ணி மோட்டர் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பத் தொடங்கியிருந்தான்.

"இதுவும் வாய்க்கால்தான் தம்பி" என்றார் காக்கா, சுவரில் ஓடிய வயரைத் தடவிக்கொண்டு. "மடையத் திறந்துபோட்டு ஆராச்சும் நித்திர கொள்ளுவானா?"

"மனிசர் மறந்துபோறதுதானே காக்கா."

"அதான். மனிசன நம்ப ஏலா. மணிக்கூட்ட நம்பலாம்."

அடுத்த மாதம் போனபோது வீட்டில் மூன்று டைம்பீஸ். அதற்கடுத்த மாதம் ஐந்து. வருடம் முடியும்போது பன்னிரண்டு. அலாரம் அடிக்கும்போது மணிக்கூட்டின் முதுகிலுள்ள சாவி தானாகச் சுற்றும் அல்லவா, காக்கா அந்தச் சாவியில் ஒரு நூலைக் கட்டினார். நூலின் மறு நுனியைச் சுவரில் அடித்த ஆணிக்கு மேலால் எடுத்து, சுவிட்சின் குமிழில் கட்டினார். அலாரம் அடித்தால் சாவி சுற்றும், நூல் இழுபடும், சுவிட்ச் 'டக்' என்று நூரும், அணைந்துவிடும். நூலை எலி கடிக்கிறது என்று பிறகு மெல்லிய செப்புக் கம்பிக்கு மாறினார். லைட்டுக்கு ஒன்று, பேனுக்கு ஒன்று, மோட்டருக்கு ஒன்று, பிரிஜுக்கு ஒன்று. வீட்டுக்குள் நுழைந்தால் மரப்பெட்டிக்குள் ஆயிரம் பூச்சி அரிக்கிற மாதிரிச் சத்தம். சுவிட்சை நூர்ப்பதற்கு மனிதருக்கு அனுமதி இல்லை. அது மணிக்கூட்டின் வேலை.

அயனுக்கு அவர் கொடுத்த நேரம் ஏழு நிமிடம். ஒரு சேட்டுக்கு ஏழு நிமிடம் போதும் என்பது அவருடைய தீர்ப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்தா சேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வந்து கதை கொடுத்துவிட்டாள். மணி அடித்தது. அயன் நூர்ந்தது. இன்னொரு ஏழு நிமிடம் தரக் காக்கா சம்மதிக்கவில்லை. அன்று ஜும்ஆவுக்கு அவர் வந்த கோலத்தை நானே கண்டேன். சேட்டின் இடது பக்கம் கத்திபோல நின்றது. வலது பக்கம் மாடு மென்று துப்பியது போலிருந்தது. பள்ளியில் அவருக்கு இடது பக்கம் இருந்தவர்கள் மரியாதையாகவும் வலது பக்கம் இருந்தவர்கள் பரிதாபமாகவும் ஸலாம் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி, குவைத் மகனை மாப்பிள்ளை கேட்டுப் பெண் வீட்டார் வந்தது. நல்ல குடும்பம். ராத்தா மூன்று நாளாகப் பலகாரம் சுட்டிருந்தாள். பெண்ணின் மாமா கதிரையில் இருந்ததும் காக்கா பேனைப் போட்டார், பிறகு உள்ளே போய் ஒரு டைம்பீஸை முறுக்கிவிட்டு வந்தார். அவருடைய கணக்கில் கலியாணம் பேச அரை மணித்தியாலம் காணும், அதுவே போதும். மாமா தொண்டையைச் செருமி, வீடு வளவு பற்றிக் கதைக்க வாயைத் திறந்த கணத்தில் அறைக்குள் அலாரம் வீட்டைப் பிளக்கிற மாதிரி அடித்தது. பேன் நின்றது.

"என்னத்துக்கு இந்த மணி?" என்றார் மாமா.

"நேரம் முடிஞ்சிட்டு" என்றார் காக்கா, பேனைத்தான் நினைத்துக்கொண்டு.

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார். பலகாரத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. மகன் பிறகு அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்தான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்காக ராத்தா மூன்று கிழமை, இருபத்தொரு நாள், காக்காவோடு கதைக்கவில்லை. காக்கா அதை என்னிடம் வந்து முறையிட்டபோது, அந்த மூன்று கிழமையும் வீட்டில் நல்ல அமைதியாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கதைகளை எல்லாம் நான் எனக்குள் வைத்திருக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. பகல் பதினொரு மணிக்கு அங்கே போய் இருந்தால் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். நான் காக்கா மாதிரி நடப்பேன், ராத்தா மாதிரிக் கத்துவேன், அலாரம் மாதிரி அடிப்பேன். அந்த வீட்டுக்கு ஒரு பெயரும் வைத்தேன். டைம்பொம் வீடு, நேரம் வைத்து வெடிக்கிற குண்டு வீடு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எழுபத்தொன்பதில், எண்பதில், அந்தச் சொல்லுக்கு ஒரு பாரமும் இருக்கவில்லை.

ஒரு நாள் காக்கா என்னை இருக்கச் சொல்லிவிட்டு முகத்தை நேரே பார்த்தார்.

"தம்பி, ஒளிக்காமச் செல்லு. ஒரு வருசம் ஆயிட்டு. லாபமா, இல்லயா?"

நான் பழைய ரீடிங் புத்தகத்தைக் கந்தோரிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிச்சமானது, ஒரு பல்பைச் சில இரவுகள் எரியவிட்டால் போகிற அளவு. பேனிலும் லைட்டிலும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. பிரிஜ்தான் கழுத்தறுத்தது. நான்கு மணித்தியாலம் நிற்பாட்டி வைத்தால், பிறகு எழும்பி, விட்ட குளிரைப் பிடிக்க மூச்சு வாங்கி வாங்கி ஓடிற்று. இடையில் ராத்தாவின் மீன் வேறு பழுதாகிற்று. மணிக்கூடுகளின் விலையை நான் சேர்க்கவே இல்லை.

"பெரிசா ஒண்டுமில்ல காக்கா" என்றேன்.

"இவர் மிச்சம் புடிச்ச கரண்டுல ஒரு முட்ட அவிக்க ஏலாது" என்றாள் ராத்தா வாசலில் நின்று.

காக்கா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரனில் துடைத்தார். அன்றுதான் அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

வாய்க்கால் வேலையில் இருந்த காலம். மழை பொய்த்த போகம். விடியச் சுபஹுத் தொழுகையோடு மேல் கண்டத்துக் கதவைப் பூட்டி, கடைசிக் கண்டத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். அன்று அவருக்குக் காய்ச்சல். அசந்து நித்திரையாகிவிட்டார். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கதவடிக்கு ஓடிப்போனால் வரம்பில் சனம் கூடி நின்றது. கடைசிக் கண்டத்துக்காரன் தண்ணீரைக் காணாமல் மேலே வந்து கேட்டிருக்கிறான். மேல் கண்டத்துக்காரன் அவனுடைய சொந்த மச்சான். வாய் தடித்திருக்கிறது. ஒருவன் கையில் மண்வெட்டி இருந்திருக்கிறது.

"நான் போகக்குள்ள கடைசிக் கண்டத்துக்காரன் வரம்புல வெட்டுப்பட்டுக் கிடந்தான்" என்றார் காக்கா. "கதவு திறந்தபடி. தண்ணி அவன்ட காலுக்குக் கீழால மேல் கண்டத்துக்கு ஓடுது. நான் முதல்ல என்ன செஞ்சன் தெரியுமா? அவனத் தூக்கல்ல. கதவப் பூட்டினன்."

ராத்தா உள்ளே போய்விட்டாள். விசாரணையில் காக்கா மேல் ஒருவரும் குற்றம் சொல்லவில்லையாம். காய்ச்சல்காரனை யார் என்ன சொல்வது? அடுத்த நாள் அவர் போய் வாழ்க்கையில் முதல் டைம்பீஸை வாங்கினாராம்.

"இங்க நான் ஒரு லைட்ட நூத்தா, கம்பிட கடைசில இரிக்கிறவனுக்குக் கொஞ்சம் போகும்" என்றார். "போகுமா, போகாதா?"

மின்சாரம் அப்படிப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கந்தோரில் படித்துக்கொடுத்திருந்தார்கள்.

"போகும் காக்கா" என்றேன்.

இதற்குப் பிறகாவது நான் தேத்தண்ணிக்கடையில் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வாய்க்கால் கதையை மட்டும் ஒளித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தொடர்ந்து சொன்னேன். சிரிப்பு வருகிற இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு காலம் மாறியது. எண்பதுகளின் நடுப்பகுதியை அந்தக் கரையோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். நான் தெருவில் போகும்போது ரீடிங் புத்தகத்தைப் பைக்குள் வைப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வழியில் மறிப்பவர்கள் எந்தச் சீருடையில் இருந்தாலும், சீருடை இல்லாவிட்டாலும், முதலில் புத்தகத்தைக் காட்டுவேன். எரிந்த வீடுகளின் சுவரில் மீட்டர் மட்டும் தொங்கும். அப்படியான வீடுகளுக்குப் புத்தகத்தில் எழுதுவதற்குக் கந்தோர் சொல் ஒன்றுதான் இருந்தது: 'வீடு பூட்டு.' கதவே இல்லாத வீடுகளுக்கு முன்னால் நின்று நான் 'வீடு பூட்டு' என்று எழுதியிருக்கிறேன்.

ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த அந்த நாட்களிலும் காக்காவின் பன்னிரண்டு மணிக்கூடும் நேரம் தவறாமல் ஓடின. கரண்ட் வருவதே பாதி நாள். வராத கரண்டையும் அவர் நேரத்துக்கு நூர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பகல் எனக்கு நல்ல ஞாபகம். கடையில் ஒருவரும் கதைக்காமல் இருந்தார்கள். முந்தின நாள் காரைதீவுப் பக்கமாக ஏதோ நடந்திருந்தது. முகங்கள் எல்லாம் இறுகியிருந்தன. எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன்.

"டைம்பொம் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாறன்" என்றேன். "பன்னிரண்டும் டிக்டிக் எண்டு ஓடுது. கம்பியெல்லாம் பூட்டி ரெடி. வெடிக்கத்தான் மாட்டேங்குது."

பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மூலையில் ஒருவர், ஊரில் நான் காணாத முகம், சிரிக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மூன்றாம் நாள் காலை ஆமிக்காரர்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு வந்தார்கள். நடந்ததைப் பிறகு ராத்தா சொல்லித்தான் அறிந்தேன். வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நேரே காக்காவின் வீட்டுக்கு. சுவரில் வரிசையாக டைம்பீஸ், ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பி. முதலில் உள்ளே போனவன் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தானாம். காக்காவையும் ராத்தாவையும் முற்றத்துக்கு இழுத்துவந்து நிறுத்தினார்கள். காக்கா அவர்களுக்கு விளங்கப்படுத்த வாயெடுத்தார். அந்த நேரம் காலை பத்து மணி. பிரிஜை நூர்க்கிற நேரம்.

வீட்டுக்குள் அலாரம் அடித்தது.

வந்திருந்த அத்தனை பேரும் குப்புற விழுந்து படுத்தார்கள். துவக்குகள் மண்ணில் உருண்டன. ஒருவன் கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுவிட்டானாம். நிமிர்ந்து நின்றது காக்காவும் ராத்தாவும் மட்டும். காக்கா இரண்டு கையையும் தூக்கி, நல்ல குரலில், சிங்களத்தில் சொன்னார்:

"பயப்பட வேண்டாம் மகன்மாரே. அது பிரிஜ்."

மணி அடித்து ஓய்ந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. படுத்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவனுக்கு முன்னால் அப்படி விழுந்து கிடந்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பிறகுதான் அடித்தார்கள். அடித்து, காக்காவையும் மணிக்கூடுகளையும் ஆமிக் காம்புக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ராத்தா என் கந்தோருக்கு வந்தாள். வாழ்நாளில் அவள் ஒரு கந்தோர்ப் படியிலும் ஏறியதில்லை.

"தம்பி, நீ அரசாங்கத்தாள். மாசாமாசம் எங்கட ஊட்டுக்குள்ள வந்து போறவன். அந்த மணிக்கூடெல்லாம் என்னத்துக்கு எண்டு ஒனக்குத் தெரியும். ஒரு சொல் வந்து செல்லு தம்பி. நீ செண்டா நம்புவானுகள்."

"ஓம் ராத்தா, பாப்பம்" என்றேன். அடுத்த நாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இருக்கவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள் கிடந்தேன். பயம் ஒன்று. அந்த மூலையில் இருந்த முகம் இன்னொன்று. நாலாம் நாள் ராத்தா என் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு பொட்டலம். காக்காவின் சாரனும் சேட்டும். காம்பில் வாங்கிக்கொள்ளவில்லையாம். சேட்டை இரண்டு பக்கமும் தேய்த்து மடித்திருந்தாள்.

நான் கட்டியிருந்த சாரனை மாற்றி, காற்சட்டை போட்டு, ரீடிங் புத்தகங்களை எடுத்துக்கொண்டு காம்புக்குப் போனேன்.

வாசலில் அரை நாள் நிற்க வைத்து உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மேசை நிறையக் காக்காவின் டைம்பீஸ்கள். முறுக்க ஆளில்லாமல் எல்லாம் நின்றுபோயிருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இது குண்டு இல்லை, கரண்ட் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு என்றேன்.

"செய்து காட்டு" என்றார்.

காக்காவைக் கொண்டுவந்தார்கள். நான் முதலில் வேறு யாரையோ கொண்டுவருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி இல்லை. ஒரு பக்க முகம் வீங்கி மற்றப் பக்கத்தோடு சேராமல் இருந்தது. என்னைக் கண்டதும், "ரீடிங் எடுக்க வந்தியா தம்பி?" என்றார்.

அவரிடம் ஒரு டைம்பீஸையும் ஒரு துண்டுக் கம்பியையும் கொடுத்தார்கள். அவர் விரல்கள் மடங்கவில்லை. கம்பி நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை நான் கேட்காமலே வாங்கி, சாவியில் சுற்றி, சுவரிலிருந்த சுவிட்ச் குமிழில் கட்டினேன். அத்தனை வருடம் பார்த்துச் சிரித்த வேலை என் கைக்குத் தெரிந்திருந்தது. முறுக்கி அலாரத்தை வைத்தேன். மணி அடித்தது. அறை பல்ப் 'டக்' என்று நூர்ந்தது.

அதிகாரி பல்பைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், என்னிடம் புத்தகத்தைக் கேட்டார். "இதனால் எவ்வளவு மிச்சம்?"

மணிக்கூடு வருவதற்கு முந்திய வருடத்தையும் பிந்திய வருடத்தையும் நான் விரித்துக் காட்டினேன். அவர் விரலை வைத்துக் கீழே கீழே வாசித்துக்கொண்டு போனார். நிமிர்ந்தபோது முகத்தில் சந்தேகம் கூடியிருந்தது.

"இவ்வளவுதானா? இதற்காக ஒருவன் பன்னிரண்டு மணிக்கூடு வாங்குவானா? பொய் சொல்லுகிறாய்."

இலக்கம் பொய் சொல்லவில்லை, அதுதான் எங்களைக் கொல்லப்போகிறது. கொஞ்சம் பெரிதாக மிச்சம் பிடித்திருந்தால் காக்கா தப்பியிருப்பார் போலிருந்தது. அப்போது காக்கா கதைத்தார். வாய்க்கால் வேலையில் பழகிய பழைய சிங்களம்.

"கடைசி வயலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கக் கூடாது சேர். போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்."

அதிகாரி புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு ஒரு சொல் சொன்னார். பைத்தியம். அதையே தாளில் எழுதினார். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குச் சொன்ன மாதிரி ஒருவருக்கும் சொன்னதில்லை. குனிந்து குனிந்து சொன்னேன். பைத்தியம் என்று எழுதப்பட்டவர்கள் சில வேளை உயிரோடு திரும்பி வந்தார்கள்.

காக்காவை உடனே விடவில்லை. எட்டு நாள் கழித்து விட்டார்கள். மணிக்கூடுகளைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த ரீடிங்குக்கு நான் போனது பகல் மூன்று மணி இருக்கும். யன்னல்கள் பூட்டியிருந்தன. காக்கா பழைய இடத்தில், மீட்டருக்கு முன்னால், அதே கதிரையில் இருந்தார். மீட்டர்ச் சக்கரம் அசையவில்லை. நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் அந்த வீடு ஒரு யூனிட்கூட எடுத்திருக்கவில்லை. லைட் போட்டால் ஆராவது பார்ப்பார்கள் என்று பயம். பேன் சத்தத்தில் வெளியே நடக்கிறது கேட்காது என்று பயம். பிரிஜையும் ராத்தாவே கழற்றி, கதவைத் திறந்துவிட்டு, அதற்குள் கோப்பைகளை அடுக்கியிருந்தாள். காக்கா அத்தனை வருடம் பாடுபட்டும் இறக்க முடியாத கணக்கு, பூச்சியத்துக்கு இறங்கியிருந்தது. நான் அதைப் புத்தகத்தில் எழுதினேன்.

அவருக்கு இடது காது முற்றாகப் போய்விட்டது என்று ராத்தா வாசலிலேயே சொல்லியிருந்தாள். வலது காதும் அரைகுறைதான். நான் கதிரையை வலது பக்கமாக இழுத்துப் போட்டு, அவருடைய காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இன்னொரு மாதம் அந்த வீட்டுப் படி ஏற என்னால் முடியாது.

"காக்கா, அந்த டைம்பொம் கதைய நான்தான் கடையில சென்னன். சிரிக்க, பகிடிக்கு. அதாலதான் வந்தானுகள்."

காக்கா என் முகத்தைப் பார்த்தார். வீக்கம் வற்றி, அவருடைய முகம் திரும்பி வந்திருந்தது.

"தெரியும்" என்றார். "அங்க வெச்சே சென்னானுகள், மீட்டர்காரன்ட வாயில இருந்துதான் வந்த எண்டு."

குசினியில் ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்து இழுத்து, ரகசியம் சொன்னார். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. அவர் ரகசியம் என்று நினைத்துச் சொன்னது ஒழுங்கை முனை வரை கேட்டிருக்கும்.

"ராத்தாக்கு மட்டும் செல்லிராத! நீதான் எண்டு தெரிஞ்சா அவள் ஒனக்கு இந்த ஊட்டுல தேத்தண்ணி தரமாட்டாள்!"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

காக்கா, விஷயத்தை நல்லபடி ஒளித்துவிட்ட நிம்மதியோடு என் முதுகைத் தட்டினார். பிறகு அடுப்பு ஊதுகிற சத்தம். பிறகு கோப்பை கழுவுகிற சத்தம். ராத்தா வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. புகையாகவும் இருக்கலாம். தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

நான் எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

"சீனி காணுமா தம்பி?" என்றாள்.

அதில் சீனியே போட்டிருக்கவில்லை.

"காணும் ராத்தா" என்று சொல்லி, அடி மண்டி வரைக்கும் குடித்தேன்.